வெண்ணிழலின் வம்சாவளி

1895-ஆம் ஆண்டின் இறுதியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்த பின், உடைந்த எலும்பையும் பழுதுற்ற நுரையீரலையும் உடலைக் கீறாமலே பார்த்துவிடலாம் என்ற உற்சாகம் ஐரோப்பிய வைத்தியர்களிடையே பரவிய வேகத்தை நினைக்கும்போது, அவ்வுற்சாகம் மார்பகத்தின்பால் திரும்புவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன என்பது வியப்பாகவே இருக்கிறது. ஆயினும் அதற்குத் தக்க காரணம் உண்டு. எலும்புக்கும் தசைக்கும் கதிரைத் தடுக்கும் ஆற்றலில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை இருக்கிறது. மார்பகத்திலோ எலும்பு என்பதே கிடையாது. கொழுப்பும், பால் சுரப்பிகளும், அவற்றைத் தாங்கி நிற்கும் நார்த்திசுவுமே அங்குள்ளவை. கொழுப்பு கதிரைச் சற்று எளிதாக ஊடுருவ விடுவதால் படத்தில் கருமையாகவும், சுரப்பியும் நாரும் சற்று அதிகமாகத் தடுப்பதால் வெண்மையாகவும் விழுகின்றன என்ற நுட்பமான பேதத்தை, அக்காலத்துக் கருவிகள் தெளிவாகக் காட்டக்கூடியவையாக இல்லை. அந்தப் பேதம் கண்ணுக்குப் புலனான பிறகுதான், ஒரு ஸ்திரீயின் படம் பெரும்பாலும் கருமையாகவும் மற்றொருத்தியின் படம் முழுவதும் வெண்மையாகவும் இருப்பதை வைத்தியர்கள் கண்டார்கள். இன்று மார்பக அடர்த்தி என்று வழங்கப்படும் அவ்வெண்மை அறுபது ஆண்டுக்காலம் வெறும் இடையூறு என்றே கருதப்பட்டு, பின்னர் நோயின் முன்னறிவிப்பாகி, இறுதியில் தாய் வழியும் தந்தை வழியும் இறங்கிவரும் குலச்சொத்தாகத் தெரியவந்த வரலாறே இங்கு சொல்லப் புகுவது.

இத்தொழிலின் ஆதிபுருஷர் என்று பெர்லின் நகரத்து ரண சிகிச்சை நிபுணராகிய ஆல்பர்ட் சாலமனைச் சொல்வது வழக்கம். புற்றுநோய் காரணமாக அறுத்து எடுக்கப்பட்ட ஏறத்தாழ 3,000 மார்பகங்களை அவர் எக்ஸ் கதிரில் படமெடுத்து, படத்தில் தெரிந்ததையும் நுண்ணோக்கியில் தெரிந்ததையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட்டு, 1913-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கட்டி எவ்விதம் சுற்றியுள்ள திசுவினுள் வேரோடுகிறது என்பதையும், பிற்காலத்தில் நோயறிதலுக்குப் பெருந்துணையான நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகளையும் முதன்முதலில் படத்தில் கண்டவர் அவரே. ஆனால் அவர் பார்த்ததெல்லாம் உடலினின்று நீக்கப்பட்ட உறுப்புகளையேயன்றி உயிரோடு நடமாடும் பெண்களின் மார்பகங்களையன்று. அவர் யூதர். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பதவியிழந்து, 1938 நவம்பரில் ஸாக்ஸன்ஹவுஸன் சிறைமுகாமில் அடைக்கப்பட்டு, விடுதலை பெற்று ஹாலந்துக்குத் தப்பியோடி, யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில் தலைமறைவாக வாழ்ந்து உயிர் தப்பினார். பிரான்ஸ் தேசத்தில் பாட்டனார் பாட்டியாரோடு தங்கியிருந்த அவருடைய ஏக புத்திரி, ஓவியக் கலைஞர் ஷார்லோட் சாலமன், 1943-இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டாள். இன்று உலகம் மகளின் பெயரைத்தான் அறியும். தந்தையின் பெயர் கதிரியல் நூல்களின் முதல் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. வம்சத்தூய்மை என்ற கொள்கை இந்தச் சரித்திரத்தில் பின்னும் ஒருமுறை, எதிர்பாராத வேறொரு வாயில் வழியே நுழையப்போகிறது. ஆகையால் இதனை இங்கே குறித்து வைத்தேன்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1930-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஸ்டாஃபர்ட் வாரன் உயிருள்ள பெண்களைப் படமெடுத்துக் கட்டிகளை இனம் கண்டார். உருகுவே தேசத்து மான்டிவிடியோ நகரில் ராவுல் லெபோர்ன், மார்பகத்தை அழுத்தித் தட்டையாக்கிப் படமெடுத்தால் தெளிவு கூடும் என்பதை 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலைநாட்டினார். ஹூஸ்டன் நகரில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் ஸ்தாபனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஈகன், தொழிற்சாலைகளில் பயன்பட்டுவந்த நுண்மையான ஃபிலிமை எடுத்து, மின்னழுத்தத்தைக் குறைத்து மின்னோட்டத்தைக் கூட்டி, எவரும் கற்றுக்கொண்டு திரும்பச் செய்யத்தக்க ஒரு முறையை வகுத்து, 1,000 சோதனைகளின் அனுபவத்தை 1960-இல் வெளியிட்டார். 1963-இல் நியூயார்க்கில் ஃபிலிப் ஸ்ட்ராக்ஸ், சாம் ஷபீரோ முதலியோர் ஏறத்தாழ 62,000 பெண்களைக் கொண்டு தொடங்கிய பெரும் பரிசோதனைக்குப் பிறகு, மேமோகிராம் என்பது நோயாளிக்கு மட்டுமன்றி நோயற்றவளுக்கும் எடுக்கப்படும் படமாயிற்று. இவர்கள் அனைவரும் ஒரே இலக்கை நோக்கி உழைத்தவர்கள்: கட்டியைக் காண்பது. கட்டியும் படத்தில் வெண்மையே. அடர்ந்த திசுவும் வெண்மையே. வெள்ளை வேட்டியின்மேல் விழுந்த வெண்ணூலைத் தேடும் சங்கடம்தான் அவர்களுக்கு. ஆகவே அவ்வெண்மையைக் கண்டு சலித்துக்கொண்டார்களேயன்றி, அது தானே எதையேனும் சொல்கிறதா என்று எவரும் பொறுமையாக உட்கார்ந்து கேட்கவில்லை.

கேட்டவர் டெட்ராய்ட் நகரத்து ஜான் வுல்ஃப். செலீனியம் பூசிய தகட்டின்மேல் மின்னூட்டத்தைப் பரப்பி, கதிர்பட்டபின் எஞ்சிநிற்கும் மின்னூட்டத்தில் நீலத்தூளை ஒட்டவைத்துக் காகிதத்தில் படம் பெறும் ஜெராக்ஸ் முறையை மார்பகப் பரிசோதனைக்குக் கொண்டுவந்து பரப்பிய முன்னோடிகளில் அவர் ஒருவர். நாள்தோறும் அந்த நீலப் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, கட்டி இருக்கிறதா இல்லையா என்பதற்கு அப்பால், படத்தின் ஒட்டுமொத்தமான தோற்றமே பெண்ணுக்குப் பெண் வேறுபடும் ஒரு முகச்சாயலாகப் புலப்பட்டிருக்க வேண்டும். 1976-இல் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளில் அவர் மார்பகங்களை நான்கு வகையாகப் பிரித்தார்: ஏறக்குறைய முழுதும் கொழுப்பாக உள்ளது என்1, பால் நாளங்கள் தடித்து மார்பகத்தின் கால் பாகம் வரை தெரிவது பி1, அதற்கு மேற்பட்டுத் தெரிவது பி2, விரிந்த வெண்தகடு போல் அடர்ந்து கிடப்பது டி.ஒய். பிறகு, நோயின்றிப் படமெடுத்துக்கொண்டு சென்ற பெண்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, எந்த வகையினருக்குப் பின்னாளில் புற்றுநோய் வந்தது என்று கணக்கிட்டார். முதல் வகைக்கும் கடைசி வகைக்கும் இடையே அவர் கண்ட வேற்றுமை, சகாக்கள் நம்ப மறுக்கும் அளவுக்குப் பன்மடங்காக இருந்தது.

மறுத்தவர்களில் முன்வரிசையில் நின்றவர், படமெடுக்கும் முறையைத் தொழிலுக்கே கற்றுக்கொடுத்த ராபர்ட் ஈகன் என்பது இச்சரித்திரத்தின் சுவையான பகுதி. 1977-இல் அவர் கூறிய ஆட்சேபம் எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. அடர்ந்த மார்பகத்தில் முதல் படத்தின்போதே கட்டி இருந்திருக்கலாம். வெண்மை அதை மறைத்துவிட்டது. கொழுப்பு நிறைந்த மார்பகத்திலோ அத்தகைய கட்டி அன்றே பிடிபட்டு, அப்பெண் கணக்கிலிருந்தே நீங்கிவிடுகிறாள். ஆகவே பின்வரும் ஆண்டுகளில் அடர்ந்த மார்பகங்களில் மிகுதியாகத் தோன்றும் நோய் புதிதாக விளைந்ததன்று, பழையது வெளிப்பட்டதே என்பது அவர் வாதம். வெண்மை நோயை வளர்க்கிறதா, அன்றி மறைக்கிறதா என்ற இவ்வழக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு நீடித்தது. வழக்கு நீண்டதற்கு வுல்ஃபின் முறையிலேயே ஒரு குறை இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: அவருடைய நான்கு வகைகளைப் பிரிப்பது பழகிய கண்ணின் சாமர்த்தியமேயன்றி அளவுகோலின் வேலையன்று, பி1 எங்கே முடிந்து பி2 எங்கே தொடங்குகிறது என்பதில் இருவர் ஒத்துப்போவது அரிதாயிற்று.

அளவுகோலைக் கொணர்ந்தவர் கானடா தேசத்து டொரான்டோவைச் சேர்ந்த நார்மன் பாய்ட். தோற்றத்தை வருணிப்பதை விட்டு, படத்தின் மொத்தப் பரப்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு வெண்மை என்று கேட்டார் அவர். கேள்வியைச் சுருக்கியதே பெரிய காரியமாயிற்று. அவருடன் உழைத்த பௌதிக நிபுணர் மார்ட்டின் யாஃபே முதலானோர், படத்தைக் கணிப்பொறியில் ஏற்றி எல்லை வகுத்து அளக்கும் வழியையும் அமைத்துக்கொடுத்தனர். கானடாவின் தேசிய மார்பகப் பரிசோதனையில் கலந்துகொண்ட பெண்களின் படங்களை இவ்விதம் அளந்து, முதலில் 1995-இலும், பின்னர் வேறு தொகுதிகளையும் சேர்த்து 2007-இலும் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, முக்கால் பங்குக்கு மேல் அடர்த்தியுள்ளவர்களுக்கு, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ளவர்களைக் காட்டிலும் புற்றுநோய் அபாயம் 4.7 மடங்கு. மறைத்தல் உண்மையே, பரிசோதனைக்குப் பின் சில மாதங்களில் வெளிப்பட்ட நோய்களில் இவ்வேற்றுமை பெரிதும் மிகுந்திருந்தது. ஆனால் மறைத்தல் மட்டுமே காரணமாக இருந்திருந்தால், ஆண்டுகள் செல்லச்செல்ல வேற்றுமை தேய்ந்து மறைந்திருக்க வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு மேலும் அது நீடித்தது. இடையில் 2006-இல் மெக்கார்மக், டாஸ் சான்டோஸ் சில்வா என்ற இரு பெண் ஆராய்ச்சியாளர்கள் 42 ஆய்வுகளை ஒருங்கு சேர்த்துப் பார்த்தபோதும் அதே அளவு விடையே கிடைத்தது. வுல்ஃப் சொன்ன மடங்குகள் மிகையாயினும், சொன்ன திசை சரியே என்று தீர்ப்பாயிற்று.

இனி, இவ்வெண்மை ஒருத்திக்கு எங்கிருந்து வருகிறது? வயது ஏற ஏற அது குறைகிறது, பிள்ளைப்பேற்றால் குறைகிறது, மாதவிலக்கு நின்றபின் பின்னும் குறைகிறது, தேகம் பருத்தால் கொழுப்பு மிகுவதால் விகிதம் தாழ்கிறது. ஜேனட் லேன்-கிளேபான் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர் 1926-இலேயே நோயுற்ற 500 பேரையும் நோயற்ற 500 பேரையும் ஒப்பிட்டு, பிள்ளை பெற்றவர்களுக்கு இந்நோய் குறைவு என்று காட்டியிருந்ததோடு இது பொருந்தியும் வந்தது. ஆனால் வயதும் பிள்ளைப்பேறும் உடற்பருமனும் ஒத்த இரு பெண்களின் படங்களும் இரவும் பகலுமாக வேறுபடுகின்றன. கணக்கில் அடங்கிய காரணங்களையெல்லாம் கழித்தபின் எஞ்சிநிற்பதே பெரும் பங்கு. அந்த எச்சத்துக்கு விடை, யாரும் எண்ணாத ஓரிடத்தில் காகிதக் கட்டுகளாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் சார்ல்ஸ் டைட் என்ற வைத்தியர் ஒருவர் இருந்தார். தகுதியற்றவர் என்று தாம் கருதியவர்களுக்குச் சந்ததி வாய்க்காமற் செய்வதே சமூகத்துக்குக் கதிமோட்சம் என்று நம்பிய இனமேம்பாட்டுவாதி அவர். 1933-இல் ஹிட்லரைப் புகழ்ந்து அவருக்கே கடிதம் எழுதியவர். 1938-இல் இறக்கும்போது, அக்கொள்கையைப் பரப்புவதற்கென்று தம் சொத்தை மினஸோட்டா சர்வகலாசாலைக்கு எழுதி வைத்தார். அந்தப் பணத்தால் 1941-இல் எழுந்ததே டைட் ஸ்தாபனம். ஆனால் ஸ்தாபனத்தில் வந்து அமர்ந்தவர்கள் மரபியல் கற்ற விஞ்ஞானிகளாதலின், கொடையாளி விரும்பியதை விட்டுத் தாம் விரும்பியதைச் செய்தார்கள். சர்வகலாசாலை மருத்துவமனைக்கு 1944 முதல் 1952 வரை வந்த மார்பகப் புற்றுநோயாளிகளின் தாய், சகோதரிகள், புத்திரிகள், அத்தைமார், சித்திமார் என்று வீடுதோறும் வம்சாவளி திரட்டி, நோய் குடும்பத்தில் ஓடுகிறதா என்று பார்த்தனர். ஆண்டர்சன், குட்மன், ரீட் என்ற மூவர் எழுதி 1958-இல் நூலாகவும் வெளிவந்த அவ்வேலை பின்பு உறங்கிவிட்டது. 1990-க்குப் பிறகு அச்சர்வகலாசாலையினரே பழைய கட்டுகளை அவிழ்த்து, அன்று குறிக்கப்பட்ட 426 குடும்பங்களின் வழித்தோன்றல்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களுடைய மேமோகிராம் படங்களையும் வரவழைத்தனர். பாட்டியின் நோய்க்குறிப்பும் பேத்தியின் மார்பகப் படமும் ஒரே மேஜையில் சந்தித்தன. 1997-இல் வெளிவந்த கணக்கின்படி, அடர்த்தி குடும்பத்தில் இறங்கிவரும் விதம், வெறும் பழக்கவழக்க ஒற்றுமையால் விளங்காமல், மரபணுவின் செயலையே காட்டிநின்றது. சாலமனைப் பெர்லினிலிருந்து துரத்திய கொள்கையை வாழ்த்தியவருடைய பணம், சாலமன் தொடங்கிய வித்தையின் முக்கியமான ஒரு கேள்விக்கு இவ்விதம் விடை தேடிக்கொடுத்தது. இதைக் கொடையாளியின் புண்ணியக் கணக்கில் சேர்ப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. பிணியோடு வந்து, தன் குடும்பத்துப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்த அந்த நோயாளிகளின் கணக்கில்தான் சேர்க்கவேண்டும்.

குடும்பம் என்பது மரபணுவோடு சமையலறையையும் பங்கிட்டுக்கொள்வதாயிற்றே என்று சந்தேகிப்பவர்களுக்கு இரட்டையரே சாட்சி. ஒரே கருவினின்று பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் முற்றும் ஒன்று. இரு கருவாய்ப் பிறந்தவர்களுக்குச் சராசரி பாதியே ஒன்று. மெல்போர்ன் நகரத்து ஜான் ஹாப்பரும் டொரான்டோவின் பாய்டும் கூடி, ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலுமாக 571 ஒருகரு இரட்டையரையும் 380 இருகரு இரட்டையரையும் திரட்டி, 40 முதல் 70 வயது வரையிலான அச்சகோதரிகளின் படங்களை, இன்னார் யாருடைய இணை என்று தெரியாதவாறு அளந்து, 2002-இல் முடிவை வெளியிட்டனர். ஒருகரு இரட்டையரிடம் ஒற்றுமையின் எண் ஆஸ்திரேலியாவில் 0.61, வட அமெரிக்காவில் 0.67, இருகரு இரட்டையரிடம் முறையே 0.25, 0.27. கடல் கடந்த இரண்டு கண்டங்கள் இத்தனை நெருக்கமாக ஒரே விடை கூறுவது இத்தகைய ஆராய்ச்சியில் அடிக்கடி வாய்ப்பதன்று. வயதையும் பிறவற்றையும் நீக்கியபின், பெண்களிடையே அடர்த்தியில் காணும் வேற்றுமையில் 63 விழுக்காடு மரபால் விளைவது என்று கணித்தனர். இவ்வெண் ஒரு கூட்டத்தாரிடையேயுள்ள வேற்றுமையைப் பற்றியதேயன்றி, ஒருத்தியின் மார்பகத்தில் இன்ன பங்கு தாய் கொடுத்தது, இன்ன பங்கு தான் தேடியது என்று பாகப்பிரிவினை செய்வதன்று. பத்திரிகைகள் இந்த இடத்தில் எப்போதும் தடுமாறுகின்றன.

மார்பகப் புற்றுநோய் குடும்பத்தில் வரும் என்ற எண்ணம் இதற்கெல்லாம் மிக முந்தியது. பாரிஸ் நகரத்துப் பால் புரோக்கா, தம் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக இந்நோய் பெண்களை வாரிக்கொண்டு போனதை 1866-இலேயே வம்சாவளியாக எழுதிவைத்தார். அத்தகைய குடும்பங்களின் இரகசியத்தைத் தேடிப் பல்லாண்டு உழைத்த மேரி-கிளேர் கிங், 1990-இல் பதினேழாம் குரோமோசோமில் அதன் இருப்பிடத்தைக் காட்டினார், 1994-இல் பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவே பிடிபட்டது; மறு ஆண்டு பதின்மூன்றாம் குரோமோசோமிலுள்ள பி.ஆர்.சி.ஏ.2 வந்து சேர்ந்தது. அடர்த்தியின் மூலமும் இங்கேதான் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். பழுதுற்ற பி.ஆர்.சி.ஏ. மரபணுவைத் தாங்கிய பெண்களின் படங்கள் அது இல்லாத உறவினரின் படங்களைவிட அடர்த்தியாக இல்லை என்று 2006-இல் வெளிவந்த ஆய்வு கூறியது. ஆனால் அப்பழுதைத் தாங்கியவர்களுக்குள்ளும் அடர்த்தி மிகுந்தவளுக்கு அபாயம் மிகுதி என்பதையும் அதே ஆய்வு கண்டது. ஆகவே குடும்பத்தில் ஓடும் இந்நோய்க்கு ஒன்றையொன்று அறியாத இரு வழிகள் உண்டு: ஒரு சில குடும்பங்களை மட்டும் பீடித்து, பீடித்த இடத்தில் ஆர்ப்பாட்டமாக அழிக்கும் அரிய பழுது ஒன்று, எல்லாக் குடும்பங்களிலும் கூடியும் குறைந்தும் ஓசையின்றி ஓடும் அடர்த்தி மற்றொன்று.

மினஸோட்டாக் கணக்கு போட்டவர்கள் பெரிய மரபணு ஒன்றே இதற்குக் காரணமாயிருக்கலாம் என்று கருதினார்கள். அது நிறைவேறவில்லை. மனித மரபணுத்தொகுதி முழுவதையும் ஒரே வீச்சில் துருவிப் பார்க்கும் வசதி வந்தபின், 2011-இல் சாரா லிண்ட்ஸ்ட்ரோம் முதலானோர் பத்தாம் குரோமோசோமில் இஸட்.என்.எஃப். 365 என்ற மரபணுவினுள் ஒரு மாற்றத்தைக் கண்டனர். அடர்த்தியையும் நோய் அபாயத்தையும் ஒருங்கே அசைப்பதாக இருந்ததே அதன் விசேஷம். 2014-இல் அதே குழுவினர் கண்டவற்றுள், ஈஸ்ட்ரோஜன் சுரப்பை உணரும் ஏற்பியின் மரபணுவும், வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்.1-இன் மரபணுவும் இருந்தன. சுரப்பித்திசு எதனால் வளர்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியம் தருவதன்று. 2020-இல் மேலும் 31 இடங்கள் வெளியாயின. ஒவ்வொன்றும் அணுவளவே அசைக்கிறது. அனைத்தையும் கூட்டினாலும் இரட்டையர் காட்டிய 63 விழுக்காட்டில் ஒரு சிறு பகுதிதான் விளங்குகிறது.

மரபால் வந்தது மாறாது என்று நினைத்துவிடலாகாது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்து கொடுத்தால் அடர்த்தி ஏறுகிறது. டமாக்ஸிஃபென் கொடுத்தால் இறங்குகிறது. அம்மருந்தை உண்டவர்களில், ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் அடர்த்தி பத்து விழுக்காடேனும் இறங்கியவர்களுக்கு அபாயம் 63 விழுக்காடு குறைந்தது என்று 2011-இல் ஜாக் கஸிக் முதலானோர் அறிவித்தனர். முன்சொன்ன எண்ணோடு இது ஒத்திருப்பது தற்செயலே. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இத்தனையும் ஆராய்ச்சி ஏடுகளில் நடந்துகொண்டிருந்தபோது, படமெடுத்துக்கொண்ட பெண்ணுக்கு மட்டும் தன் அடர்த்தி தெரியாது. படத்தை வாசிப்பவர் அதை வைத்தியருக்கு எழுதும் குறிப்பில் சேர்த்தாலும், அவள் கைக்கு வரும் கடிதத்தில் அது இராது. 2004-இல் குறையொன்றுமில்லை என்ற மேமோகிராம் முடிவுக்குப் பின் சில வாரங்களிலேயே முற்றிய நோய் கண்டறியப்பட்டு, அடர்ந்த திசுவே கட்டியை மறைத்தது என்று அப்போதுதான் கேள்வியுற்ற நான்ஸி கப்பெல்லோ என்ற கனெக்டிகட் பெண்மணி, இந்த மௌனத்தைச் சட்டத்தால் கலைப்பதென்று கிளம்பினார். அவருடைய முயற்சியால் 2009-இல் அம்மாநிலம் முதல் சட்டத்தை இயற்றியது. மாநிலங்கள் பல பின்தொடர்ந்தன. 2018-இல் அவர் காலமானார். 2019-இல் ஹாலந்திலிருந்து வந்த செய்தி அவர் பக்கத்தை வலுப்படுத்தியது: மேமோகிராமில் குறை காணப்படாத, மிக அடர்ந்த மார்பகமுடைய பெண்களுக்கு எம்.ஆர்.ஐ. படமும் எடுத்துக்கொள்ள அழைப்பு விடுத்தபோது, அடுத்த பரிசோதனைக்கு முன் தானாக வெளிப்படும் நோய் ஆயிரத்துக்கு 5.0 என்பதிலிருந்து 2.5 ஆகக் குறைந்தது.

2024 செப்டம்பர் 10 முதல், அமெரிக்கா முழுவதும் மேமோகிராம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளது அடர்த்தியைத் தெரிவித்தாக வேண்டும் என்ற மத்திய அரசின் விதி நடைமுறையில் இருக்கிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அடர்த்தியுடையவர் என்ற கடிதத்தையே பெறுகிறார்கள். மரபைப் பற்றியோ இரட்டையரைப் பற்றியோ அக்கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அடர்ந்த திசு மேமோகிராமில் புற்றுநோயைக் காண்பதைக் கடினமாக்குகிறது, அது நோய் வரும் அபாயத்தையும் கூட்டுகிறது என்ற இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லும்படி விதி ஆணையிடுகிறது. முன்பாதி ஈகனுடைய வாதம், பின்பாதி வுல்ஃபினுடையது.